துக்கத்துக்கு வந்த காடு

நான் சொல்லப்போவதில் ஓர் எழுத்துகூடப் பொய் கிடையாது. எங்கள் கோரைத்திட்டில் சத்தியம் செய்கிறவன் கடலோரத்து ஈர மணலை அள்ளி இடது உள்ளங்கையில் வைத்துக்கொள்ள வேண்டும். மணலில் ஈரம் இருக்கும்வரை வாயில் பொய் வரக்கூடாது. வந்தால், அடுத்த முறை தண்ணீரில் இறங்கும்போது கடலே கேட்டுக்கொள்ளும். அள்ளி வைத்திருக்கிறேன். வலது கையால் எழுதுகிறேன். வெயில் கொஞ்சம் அதிகமாக இருப்பதால் சீக்கிரம் சொல்லி முடிக்கப் பார்க்கிறேன்.

கடல் எங்கள் மாரியம்மன் கோயில் வாசல்வரை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போய்க்கொண்டிருந்த காலம் அது. வருடா வருடம் கரை உள்ளே வந்தது. கிணறெல்லாம் உப்பாகிவிட்டது. குடிக்கிற தண்ணீர் லாரியில் வந்தது. ஊருக்கு முன்னால் தலைமுறை தலைமுறையாக நின்ற அலையாத்திக் காடு, இறங்காத தண்ணீரில் நின்று நின்று வேர் மூச்சு முட்டிச் செத்துப்போனது. எங்கள் அப்பா காலத்துச் சுனாமியில் அக்கம்பக்கத்து ஊர்களில் வீட்டுக்கு வீடு பிணம் எடுத்தபோது, எங்கள் ஊரில் முழங்கால் தண்ணீரும் நாலு கட்டை மரமும்தான் வந்து சேர்ந்தன என்பார்கள். மிச்சத்தைக் காடு வாங்கிக்கொண்டது. அந்தக் காடு போன பிறகு, வானொலியில் "காற்றழுத்தத் தாழ்வு" என்ற சொல் வந்தாலே எங்கள் பெண்கள் துணிமூட்டை கட்ட ஆரம்பித்துவிடுவார்கள்.

அப்போதுதான் டாக்டர் மெய்யம்மை வந்தாள். காரைக்குடிப் பக்கத்துப் பெண். ஊசி போடுகிற டாக்டர் இல்லை, மர டாக்டர். வலைக்கொட்டகையில் ஊர்க்கூட்டம் போட்டு உட்கார்ந்தோம். எங்கள் ஊர்த் தலைவர் நாட்டார் கலியமூர்த்தி முதலில் கேட்டார்.

"ஒரு சுவரு கட்டிக் குடுத்துட்டுப் போயிடுங்களேம்மா. எதுக்கு மரம் மட்டைன்னு?"

"சுவர்ல மோதுற அலை சும்மா திரும்பாது நாட்டாரே. சுவரோட காலடி மண்ணையும் அள்ளிக்கிட்டுத்தான் போகும். காட்டுக்குள்ள விட்டா அலை ஒவ்வொரு வேர்லயும் முட்டும். முட்ட முட்ட வேகம் குறைஞ்சிடும். கொண்டுவந்த சேத்தையும் அங்கயே போட்டுடும். அந்தச் சேறு ஏறி ஏறிக் கரையே உயரும்."

"இது எங்களுக்கே தெரியும்" என்றார் என் மச்சான் அஞ்சாப்புலி. என் தங்கை தையநாயகியின் புருஷன். ஊரில் யார் எதைச் சொன்னாலும் அதற்கு மறுசொல் சொல்வதற்கென்றே பிறந்தவர். "நம்ம காடு செத்துப்போச்சே, அதுக்கு என்ன வழி? அதைச் சொல்லு."

"கடல் ஏறினா காடும் பின்னால நகரணும். தன்னாலயே நகரும், விதை விழுந்து, முளைச்சு, மெதுவா. இப்பக் கடல் ஏறுற வேகத்துக்கு அது போதாது. அதனால நாங்க புதுசா ஒண்ணு உண்டாக்கியிருக்கோம். அலையாத்தியோட இலை, கண்டலோட கால். நடக்கும்."

வலை பின்னிக்கொண்டிருந்த கைகளெல்லாம் நின்றன.

"எது நடக்கும்?" என்றார் நாட்டார்.

"மரம்."

அஞ்சாப்புலி வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து உட்கார்ந்தார். "மரம்னா நிக்கணும் பாப்பா. நடக்குறதுக்கு ஆடு இருக்கு."

கண்டல் மரத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அடிமரத்திலிருந்து நாலாபுறமும் வேர்கள் வளைந்து இறங்கி, எந்த நிமிடமும் எழுந்து போய்விடுகிற மாதிரிதான் அது நிற்கும். மெய்யம்மை செய்ததெல்லாம், போகலாம் என்று அதற்குச் சொல்லிக்கொடுத்ததுதான். முன்னால் ஒரு வேர் இறங்கும், பின்னால் ஒரு வேர் சேற்றிலிருந்து கழன்றுகொள்ளும். சாதாரணமாக நாளுக்கு ஒரு சாண் நகரும். போகிற திசையை நாக்கால் தெரிந்துகொள்ளும். அதாவது வேர் நுனிக்கு உப்புச் சுவை தெரியும். உப்பு குறைந்த பக்கம் அது போகும். வேண்டாத உப்பை இலை வழியாகச் சொட்டுச் சொட்டாகக் கக்கிவிடும். காட்டைக் கரையிலேயே நிறுத்திவைக்க, கரையோரமாக ஒரு குழாய் போட்டு நல்ல தண்ணீரைச் சொட்டவிட்டாள்.

ஊருக்கு அவள் போட்ட கட்டளை ஒன்றே ஒன்று. "தரையில நல்ல தண்ணி ஊத்தாதீங்க. வாய் கொப்பளிச்ச தண்ணியைக்கூட வாளியில பிடிச்சு வைங்க. மோப்பம் பிடிச்சு ஊருக்குள்ள வந்துடும்."

மூன்று வருடம் அப்படியே இருந்தோம். காடு வளர்ந்தது, இடுப்பளவு, தலையளவு, பிறகு தென்னையில் பாதி. மீன்குஞ்சுகள் திரும்பி வந்தன. நண்டு வந்தது. கொக்கு வந்தது. நாட்டார்கூடச் சாயங்காலம் போய்க் காட்டோரம் நின்று, தன் கல்யாணத்தில் நின்றதுபோல் கை கட்டிக்கொண்டு பார்த்துவிட்டு வருவார். அஞ்சாப்புலி மட்டும் கடைசிவரை அந்தப் பக்கம் முகம் காட்டவில்லை. "நம்மள விட்டுட்டுப் போவத் தெரிஞ்ச எதையும் நம்பக் கூடாது மச்சான்" என்பார் என்னிடம். மகள் வனரோஜா மஸ்கட்டுக்கு நர்ஸ் வேலைக்குப் போன பிறகு ஆரம்பித்த பேச்சு அது.

அந்த ஐப்பசியில் பெரும்புயல் ஒன்று எங்களைக் குறிவைத்து வருவதாகச் சொன்னார்கள். வானொலி சொன்னது, தொலைபேசி சொன்னது, வட்டாட்சியர் ஜீப்பில் வந்து ஒலிபெருக்கியில் சொன்னார். ஒரு வாரத்துக்கு வழி அடைபடும் என்று லாரி லாரியாக நல்ல தண்ணீர் வந்து இறங்கியது. குடம், அண்டா, பீப்பாய், குழந்தையைக் குளிப்பாட்டும் தொட்டி, எல்லாம் நிரம்பின. மெய்யம்மை தன் சொட்டுக்குழாய்த் தொட்டியையும் ஊருக்கே திறந்துவிட்டாள். "ரெண்டு நாளைக்குக் குழாய் இல்லைன்னா மரம் ஒண்ணும் கோவிச்சுக்காது. சனங்க குடிக்கட்டும்" என்றாள். நல்ல பெண். எல்லாச் சங்கடமும் நல்லவர்களால்தான் வருகிறது.

புயல் அன்றைக்கு இரவு கரையைக் கடக்கும், மழை பொழுதுசாய ஆரம்பிக்கும் என்று அறிவிப்பு. மதியச் சோறு ஆனதும் எல்லோரும் மேட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போவதாக ஏற்பாடு.

அன்று காலையில் அஞ்சாப்புலி நாலு இட்லி சாப்பிட்டார். பழைய நெத்திலிக் குழம்பு. கை கழுவிக்கொண்டு, "கொழம்புல புளி தூக்கல்" என்றார். சுவரில் சாய்ந்தார். அவ்வளவுதான்.

தையநாயகி கொஞ்ச நேரம் பதிலுக்குத் திட்டிக்கொண்டிருந்தாள். அவர் மறுசொல் சொல்லாததைப் பார்த்த பிறகுதான் அவளுக்கு விளங்கியது.

"கடைசியாச் சொன்னதும் குத்தந்தான் அண்ணே" என்றாள் என்னிடம். பிறகுதான் அழுதாள்.

மஸ்கட்டுக்குப் போன் போட்டோம். வனரோஜா அழவில்லை. "மாமா, முகம் பாக்கணும். நான் வராம எடுத்துடாதீங்க. நாளைக்கு மத்தியானத்துக்குள்ள வந்துடுறேன்" என்றாள்.

"ஐஸ்ல வைக்கிறோம் தாயி. நீ வா" என்றேன்.

புயலுக்காகக் கரண்டை நிறுத்தியிருந்தார்கள். டவுனிலிருந்து குளிர்ப்பெட்டி வராது. அதனால் மச்சானின் ஃபைபர் போட்டையே தூக்கி வந்து வாசலில் வைத்து, ஐஸ் கம்பெனியில் கேட்டு வாங்கிய பாளங்களை உடைத்துப் பரப்பி, அதன்மேல் அவரைக் கிடத்தினோம். சொந்தப் போட்டில் ஐஸுக்கு மேல் கண்ணை மூடிப் படுத்திருந்தார். இருந்திருந்தால் அதற்கும் ஒரு குறை சொல்லியிருப்பார்.

அடுத்ததாக எல்லோரும் செய்ததை யாரும் யோசித்துச் செய்யவில்லை. எங்கள் பக்கம் சாவு விழுந்தால் பங்காளி வீடுகளில் பிடித்துவைத்த தண்ணீர் தீட்டு. கொட்டிவிட்டுப் புதிதாகத்தான் பிடிக்க வேண்டும். எங்கள் ஊரில் எல்லோரும் எல்லோருக்கும் பங்காளி. முன்னால் விழுந்த சாவுகளுக்குக் கொட்ட வீட்டுக்கு அரைக் குடம்கூட இருந்ததில்லை. வாசலில் தெளிப்பதோடு சரி. அன்றைக்கு ஒரு வாரத் தண்ணீர் இருந்தது. வீட்டுக்கு வீடு பீப்பாயைச் சாய்த்தார்கள். பெண்கள் அழுதுகொண்டே அண்டாவைக் கவிழ்த்தார்கள். மூன்று வருடமாக யாரும் ஒரு குடம் தண்ணீர் ஊற்றாத தெருவில் நல்ல தண்ணீர் கணுக்காலளவு ஓடி, மச்சான் வீட்டு வாசலில் குளம்போல் தேங்கியது.

மெய்யம்மை ஓடிவந்தாள். செருப்பு ஒரு காலில்தான் இருந்தது.

"யாரு தண்ணி ஊத்தினது?"

"ஊருதாம்மா ஊத்துச்சு. சாவு விழுந்திருக்குல்ல" என்றார் நாட்டார்.

அவள் கடல் பக்கம் திரும்பி நின்றாள். அப்போதுதான் எங்களுக்கும் கேட்டது. ஆயிரம் எருமைகள் ஒரே நேரத்தில் சேற்றிலிருந்து காலைப் பிடுங்குகிற சத்தம்.

காடு வந்தது. நாளுக்கு ஒரு சாண் நடக்கிற காடு, தாகமெடுத்த மாடு தொட்டியைப் பார்த்துவிட்டு வருகிறதுபோல் வந்தது. வேர்கள் ஒன்றுக்கு மேல் ஒன்று விழுந்து, சேற்றை வாரி இறைத்துக்கொண்டு, வேலிகளை மிதித்துக்கொண்டு வந்தது. கொக்குகள் கிளையில் உட்கார்ந்தபடியே, பஸ்ஸில் வருகிறவர்களைப்போல், வந்தன. நண்டுகள் பின்னாலேயே ஓடிவந்தன. ஒரு கூட்டம் மரம் ஊருக்கு வரும் ஒரே சாலையில் ஏறி மதகை அடைத்துக்கொண்டு நின்றது. எங்களை ஏற்றிப்போக வந்த பஸ், அதற்கு அந்தப்பக்கம் நின்று ஆரன் அடித்துப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டது.

மிச்சக் காடு தெருவில் நுழைந்து நேராகத் துக்க வீட்டுக்கு வந்தது. பந்தலுக்கு வெளியே வட்டமாக நின்று, வாசல் குளத்தில் வேரை நனைத்துக்கொண்டது. ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்த பெண்கள் நிறுத்திவிட்டார்கள். தையநாயகி தலையை முடிந்துகொண்டு எழுந்து நின்று, எதிரே நின்ற மரத்தை மேலும் கீழும் பார்த்தாள்.

"வந்துட்டீங்களா. அவரு இருந்தப்ப ஒரு நாளு எட்டிப் பாக்கல. இப்ப வந்துட்டீங்க."

நான் கடல் பக்கம் பார்த்தேன். காடு இருந்த இடத்தில் வெறும் சேறு, குழி குழியாக. அதற்கு அப்பால் கடல். நடுவில் ஒன்றும் இல்லை. ஊருக்குள் நின்று கடலை முழுசாக நான் பார்த்து வருடக்கணக்காகிவிட்டது. அது அத்தனை பெரிது என்பதே மறந்துபோயிருந்தது.

"தண்ணி தீந்தா தானே திரும்பிப் போயிடும்ல?" என்றார் நாட்டார்.

"மழை வந்தா போகாது" என்றாள் மெய்யம்மை. "இப்பத் தரையில உப்பு கம்மியா இருக்கிற இடம் இது ஒண்ணுதான், அதனால இங்க வந்து நிக்குது. மழை விழுந்துட்டா எல்லாத் திசையும் நல்ல தண்ணிதான். எந்தப் பக்கம் போறதுன்னு தெரியாம, நின்ன இடத்துலயே வேரை ஆழமா இறக்கிடும். மழை விட்டுத் தரை காயுற வரைக்கும் யாராலயும் அசைக்க முடியாது. காடு இங்க நிக்கும். கடல் அங்கேர்ந்து வரும். நாம நடுவுல இருப்போம்."

"சாலை?"

"சாலையிலயும் அதுதான் நிக்குது."

மழை பொழுதுசாய. இப்போது உச்சி.

"என்ன செய்யணும், அதைச் சொல்லு" என்றேன். மச்சான் இல்லாததால் அதைக் கேட்கிற வேலை எனக்கு வந்துவிட்டது.

"கரையில நல்ல தண்ணி ஊத்தணும். இங்க ஊத்தினதைவிட அதிகமா."

தெருவில் கவிழ்ந்து கிடந்த அண்டாக்களைப் பார்த்தோம். ஊரில் தொண்டை நனைக்கவும் தண்ணீர் கிடையாது.

இருந்ததையெல்லாம் கொண்டு ஓடினோம். சாவு வீட்டுக்கு வெட்டி வைத்திருந்த இளநீர். நீராகாரப் பானை. பெட்டிக்கடைப் பாட்டில் தண்ணீர். கோலி சோடாவைக் கரையில் உடைத்து ஊற்றியபோது நாலைந்து மரம் திரும்பிப் பார்த்தது, நம்புங்கள். வீரகத்தி என்பவன் புயலுக்கென்று பத்திரப்படுத்தி வைத்திருந்த குவார்ட்டரையும் கண்ணை மூடிக்கொண்டு ஊற்றினான். அதை மோப்பம் பிடித்த மரம் வந்தது, ஆனால் நேராக வரவில்லை. வழியில் இருந்த மின்கம்பத்தில் சாய்ந்து நின்றுவிட்டது.

அதோடு எல்லாம் தீர்ந்தது. வடகிழக்கில் மேகம் மை அப்பினதுபோல் நின்றது. பெண்கள் பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு எங்கே போவது என்று தெரியாமல் தெருவிலேயே மேலும் கீழும் நடந்தார்கள். வீரகத்தி தன் பிள்ளைகளைப் பனைமரத்தோடு கட்டிவைக்கக் கயிறு தேடிக்கொண்டிருந்தான்.

நான் போட்டின் ஓரமாக உட்கார்ந்தேன். நாக்கு வறண்டு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. மச்சானின் காலடியில் கிடந்த ஐஸ் சில்லு ஒன்றை எடுத்து வாயில் போட்டேன். மரியாதையில்லைதான். பாதி கரைந்த பிறகு எழுந்து கத்தினேன்.

"ஐஸு எந்தத் தண்ணி?"

மெய்யம்மை என்னைப் பார்த்தாள். பிறகு ஐஸ் கம்பெனி இருந்த பக்கம் பார்த்தாள்.

புயல் எச்சரிக்கையால் ஒரு வாரமாகப் படகுகள் போகவில்லை. செய்துவைத்த ஐஸெல்லாம் விற்காமல் கிடங்கிலேயே கிடந்தது. கடப்பாரை, கோணிச்சாக்கு, மீன்கூடை என்று ஆளுக்கு ஒன்றை எடுத்துக்கொண்டு கிளம்பினோம். நாட்டார் கலியமூர்த்தி குறுக்கே வந்து நின்றார்.

"இதுவரைக்கும் மேட்டுல நின்னு ஊத்துனீங்க, சரி. பொணம் கெடக்குற ஊருல கடல்ல காலு வைக்கக் கூடாது. எங்க பாட்டன் காலத்துலேர்ந்து யாரும் வச்சதில்ல. நான் நாட்டாரா இருக்கையில அது நடக்காது."

அவர் கெட்டவரில்லை. பயந்தவர். அவருக்கும் பேரப்பிள்ளைகள் அங்கேதான் இருந்தார்கள். ஆனால் எல்லாம் போகப்போகிற நேரத்தில் மனிதன் கையில் அகப்பட்ட ஒன்றைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறான். அவருக்கு அகப்பட்டது கட்டுப்பாடு.

தையநாயகி வந்தாள்.

"நாட்டாரே, செத்தது யாரு?"

"உன் புருஷன்."

"அப்ப தீட்டு என்னுது. நான் விடுறேன். தள்ளி நில்லுங்க. இல்ல, நீங்களும் ஒரு பாளம் தூக்குங்க."

நாட்டார் தூக்கினார்.

ஐஸை உடைத்துக் கரைச் சேற்றில் நெடுக இறைத்தோம். அது உருகி ஊற ஊற, பின்வரிசை மரங்கள் ஒவ்வொன்றாகத் திரும்பின. வேர் தூக்கி, வேர் இறக்கி, வந்த வழியே இறங்கின. சாலையில் நின்ற கூட்டமும் அசைந்தது. பாதிக் காடு கரை சேர்ந்தது. அதோடு கிடங்கு காலி. மிச்சப் பாதி தெருவிலேயே நின்றது, மச்சானின் போட்டைச் சுற்றி. அங்கேயும் ஐஸ்தான் உருகிக்கொண்டிருந்தது. கரையில் இருப்பதைவிட அங்கே அருகில்.

மெய்யம்மை போட்டைப் பார்த்தாள், தையநாயகியைப் பார்த்தாள், தலையைக் குனிந்துகொண்டாள். கேட்கவில்லை. எப்படிக் கேட்பாள்?

"பாதிக் காடு போதாதா?" என்றேன்.

"நடுவுல அவ்வளவு பெரிய இடைவெளி இருந்தா அலை எல்லாம் அதுவழியாத்தான் பாயும். காடே இல்லாததைவிட மோசம்."

அந்த நேரத்தில்தான் என் மண்டையில் ஒரு சொட்டு விழுந்தது. தையநாயகியின் கையில் ஒன்று. மெய்யம்மையின் கன்னத்தில் ஒன்று. எனக்கு விழுந்தது வழிந்து உதட்டுக்கு வந்தது. கொஞ்சம் உப்பாகத்தான் இருந்தது. புயல் மழை அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். தலைக்கு மேலே மரம் கவிந்திருந்ததால் வானம் தெரியவில்லை.

"மழை" என்றாள் மெய்யம்மை. அழுதுவிட்டாள்.

தையநாயகி போட்டுக்குள் குனிந்து புருஷன் முகத்தைத் துடைத்தாள். நெற்றியில் இருந்த ஐஸ் தூளைத் தட்டிவிட்டாள்.

"அண்ணே, ஐஸ எடுத்தா இவரு நாளைக்கு மத்தியானம் வரைக்கும் தாங்குவாரா?"

"தாங்க மாட்டாரு."

"வனரோஜாவுக்கு முகம் காட்ட முடியாது."

"முடியாது தையா."

பந்தலில் இருந்த அத்தனை பேரும் அவள் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆனால் ஒருத்தரும் ஒன்றும் சொல்லவில்லை. எங்கள் ஊரைப்பற்றிப் பெருமையாகச் சொல்ல எனக்கு இருக்கிற ஒரே விஷயம் அது.

"அவ வந்து எறங்க ஒரு ஊரு வேணும்ல" என்றாள். "ஐஸ மட்டும் அள்ளாதீங்க. அவர எறக்கிப் போட்டுட்டு அள்ளுற வேல வேணாம். போட்டோட தூக்குங்க. அடித்தக்கையப் புடுங்கி விடுங்க. சொட்டிக்கிட்டே போவட்டும்."

போட்டின் அடியில், உள்ளே சேரும் தண்ணீரை வடிய விடுவதற்கு ஒரு தக்கை உண்டு. நான்தான் பிடுங்கினேன். உருகிய தண்ணீர் கோடுபோல் ஒழுகியது. ஆண்கள் தோள் கொடுத்தார்கள். நாட்டார் முன்னால் பிடித்தார். சங்கும் பறையும் இல்லை. தையநாயகி வலையுருட்டும் கழியை ஊன்றிக்கொண்டு போட்டின் பக்கத்திலேயே நடந்தாள். எங்கள் வழக்கத்தில் பெண்கள் மயானத்துக்கு வருவதில்லை. அன்றைக்கு யாரும் அதை எடுத்துச் சொல்லவில்லை.

காடு பின்னால் வந்தது.

நான் எத்தனையோ பேரைத் தூக்கிப் போயிருக்கிறேன். ஒரு மந்திரிக்குக் கூட்டம் வந்ததையும் பார்த்திருக்கிறேன். அஞ்சாப்புலிக்கு வந்ததுபோல் ஒரு கூட்டம் யாருக்கும் வந்ததில்லை. தெரு அடைத்து, தலை கவிழ்ந்து, ஒரு வார்த்தை பேசாமல், அவர் சொட்டிக்கொண்டு போன கோட்டிலேயே வேரை ஊன்றி ஊன்றி வந்தன. மேலேயிருந்து சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டே இருந்தது. நடக்கிற மரத்தை நம்பாத மனிதர் முன்னால் போக, அவரை நம்பி ஒரு காடு நடந்தது. மின்கம்பத்தில் சாய்ந்திருந்த மரம்கூட நிமிர்ந்து கடைசியில் சேர்ந்துகொண்டது.

கரையில் இடைவெளியின் நடுவில் போட்டை இறக்கினோம். அவரைத் தூக்கி மணல்மேட்டில் கிடத்திவிட்டு, கடைசிச் சில்லுவரை ஐஸைச் சேற்றில் அள்ளிப் போட்டோம். மரங்கள் வந்து வரிசையில் நின்றன. வேர்கள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டன. அந்தப் பக்கம் கடல் தெரியாமல் போனது.

பொழுது இறங்குவதற்குள் அங்கேயே மணல்மேட்டில் குழி வெட்டினோம். மூடும்போது தையநாயகி கடைசி மண்ணைப் போட்டுவிட்டுச் சொன்னாள்: "புளி தூக்கல்தான். ஒத்துக்கிறேன்."

சாலை திறந்திருந்ததால் நடந்தே போய், இரவு எல்லோரும் மேட்டுப் பள்ளிக்கூடத்தில் கிடந்தோம். காலையில் திரும்பி வந்து பார்த்தால் ஊரில் ஓர் ஓடு நகரவில்லை. கொடியில் மறந்துவிட்டு வந்த துணி அப்படியே தொங்கியது. கவிழ்ந்திருந்த அண்டாக்கள் கவிழ்ந்தபடி காய்ந்து கிடந்தன. காடு அந்த அளவுக்குக் காப்பாற்றியிருந்தது. மெய்யம்மை ஒவ்வொரு மரமாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டு போனாள். நாட்டார் கரையில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து கும்பிட்டார்.

மதியம் வனரோஜா வந்தாள். விமானத்தில் வந்த அதே பையோடு. அம்மாவைப் பார்த்தாள், வாசலைப் பார்த்தாள், அப்பா அங்கே இல்லாததைப் பார்த்தாள். நடந்ததைத் தையநாயகிதான் சொன்னாள். ஒன்றையும் மறைக்கவில்லை. வனரோஜா கேட்டுக்கொண்டாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் எங்களுக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

கரைக்குக் கூட்டிப் போனோம்.

"முகம் எப்படி இருந்துச்சு மாமா?"

"எதையோ மறுத்துச் சொல்லப் போற மாதிரி இருந்துச்சு தாயி."

அவள் தலையாட்டினாள். காட்டைப் பார்த்தாள்.

"அப்பாவோட ஐஸுத் தண்ணியக் குடிச்சது எந்த மரம்?"

எனக்குத் தெரியாது. யாருக்கும் தெரிந்திருக்காது. தையநாயகி தயங்காமல் ஒரு மரத்தைக் காட்டினாள். வரிசையில் நிற்காமல் கொஞ்சம் திரும்பி, ஊரைப் பார்த்து நின்ற மரம் அது. வனரோஜா சேற்றில் இறங்கிப் போய், அதன் வேரைப் பிடித்துக்கொண்டு, நெற்றியை அதில் வைத்துக்கொண்டு நின்றாள். இலையிலிருந்து ஒரு சொட்டு அவள் தலையில் விழுந்தது.

எழுதிக்கொண்டிருக்கும்போதே உள்ளங்கை மணல் காய்ந்துவிட்டது. உதறிவிட்டேன். இனி ஒன்றே ஒன்று பாக்கி.

அந்தப் புயல், மச்சான் செத்த அன்று காலையிலேயே வடக்கே திரும்பி, மறுநாள் வேறொரு மாநிலத்தில் கரையைக் கடந்தது; எங்கள் ஊரில் ஒரு தூறல்கூட விழவில்லை.